ஷோக்காக ஒரு குர்த்தா

‘ஷோக்கு’ என்ற சொல்லைத் தமிழில் எவரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில்லை. “அவன் பெரிய ஷோக்குப் பேர்வழி” என்போம். “என்னடா, இன்னிக்கு ரொம்ப ஷோக்கா கிளம்பிட்டே?” என்போம். “நான் ரொம்ப ஷோக்கானவன்” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எதிரே நிற்பவனையோ தெருவில் போகிறவனையோ பார்த்துச் சொல்வதற்கென்றே ஏற்பட்ட வார்த்தை அது. சொல்லும்போது உதடு ஒரு பக்கம் லேசாகக் கோண வேண்டும். நேராக வைத்துக்கொண்டு சொன்னால் அர்த்தம் வராது.

என்னைப் பார்த்து யாரும் உதட்டைக் கோணும் அளவுக்கு நான் உடுத்தியதில்லை. மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக நுழைந்து செக்‌ஷன் ஆபீசராக வெளியே வந்தவன். என் அலமாரியைத் திறந்தால் மூன்று நிறங்கள் தெரியும்: சாம்பல், அழுத்தமான சாம்பல், ஒரு காலத்தில் நீலம். சஃபாரி சூட் ஒன்றும் உண்டு. எண்பதுகளில் தில்லி அலுவலகங்களில் சஃபாரி போடாதவனை லிஃப்ட்காரர்கூட மதிக்கமாட்டார் என்று தைத்துக்கொண்டது. இப்போது அதைப் போட்டால் மூச்சு விடலாம், அல்லது பேசலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது.

இப்படிப்பட்டவன் குடியிருப்பது ஜனக்புரியில். மேற்கு தில்லியில் டி.டி.ஏ. என்கிற தில்லி வளர்ச்சி ஆணையம் 1970களில் உருவாக்கிய காலனி. ஆசியாவிலேயே பெரிய குடியிருப்புக் காலனிகளில் ஒன்று என்று அப்போது பேர். கரோல் பாக்கில் ஒண்டுக்குடித்தனம் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்த வீடு என்ற ஆசையில் இங்கே வந்து சேர்ந்தன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றுகூட இங்கே இருக்கிறது. ஊரிலிருந்து உறவினர் யாராவது “அது எங்கேப்பா இருக்கு?” என்றால் நான் மெட்ரோ, பங்கா ரோடு என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். புரியாது. “திஹார் ஜெயிலுக்குப் பக்கத்துல” என்றால் உடனே புரிந்துவிடும். 2011இல் 2ஜி வழக்கு சூடுபிடித்துத் தமிழ்ப் பேப்பர்களில் தினமும் திஹார் அடிபட்ட நாட்களில், எனக்கு ஊரில் திடீரென்று ஒரு மரியாதைகூட ஏற்பட்டது.

காலனிக்குப் பெயர் என்னவோ ஜனகர். குடும்பியாக இருந்துகொண்டே பற்றை விட்ட ராஜரிஷி. மிதிலையே பற்றி எரிந்தபோதும் அசையாமல் இருந்தாராம். அவர் பெயரில் உள்ள புரியில், எங்கள் பிளாக்கில், பால் பூத் ஒன்று. பியூட்டி பார்லர் நான்கு. ஆண்களுக்கென்று தனியாக இன்னொன்று. அதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் முகத்தில் பச்சைக் களிம்பு பூசிக்கொண்டு கண்மூடிப் படுத்திருந்ததைப் பார்த்து, நான் ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனேன்.

ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்துக்கு 2018இல் மெஜந்தா லைன் வந்து சேர்ந்தது. அதற்காக வைத்த எஸ்கலேட்டர் 15 மீட்டருக்கு மேல் உயரம். அன்றைக்கு நாட்டின் மெட்ரோக்களில் அதுதான் உயரம் என்றார்கள். ஏறுவதற்கு நேரமாகும். அதற்குள் எதிர்ப்பக்கம் இறங்கி வருகிற வரிசையில் அந்த வருஷத்து தில்லி ஃபேஷன் முழுவதையும் பைசா செலவில்லாமல் பார்த்துவிடலாம். ஒருநாள் முழங்காலிலும் தொடையிலும் கிழிந்து தொங்கும் ஜீன்ஸ் போட்ட பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். “பாவம், யார் பெத்த பொண்ணோ” என்றாள் என் மனைவி. “அம்மா, அது மூவாயிரம் ரூபாய்” என்றாள் மகள். “அப்படின்னா பெத்தவங்கதான் பாவம்” என்று பரிதாபத்தை உடனே இடம் மாற்றிவிட்டாள் என் மனைவி.

நாங்கள் குடிவந்த புதிதில் எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் தேநீருக்குக் கூப்பிட்டார். ஊர், உத்தியோகம், சம்பளம், பஞ்சப்படி எல்லாம் விசாரித்தபின் அன்பாகக் கேட்டார்: “அண்ணாஜி, ஆப்கோ கிஸ் சீஸ் கா ஷௌக் ஹை?”

எனக்குச் சுரீரென்றது. முதல் சந்திப்பிலேயே ஒரு மனிதனைப் பார்த்து ‘உனக்கு எதில் ஷோக்கு’ என்று கேட்பதா? ஏதோ பெண் விவகாரம்போல் காதில் விழுந்தது. மனைவி பக்கத்தில் இருக்கிறாள். “நஹீ, நஹீ, எனக்கு அதெல்லாம் ஒன்றும் கிடையாது. சாதாரண மனிதன்” என்று அவசரமாக மறுத்தேன். “ஒன்றுமே இல்லையா?” என்றார். “சத்தியமாக இல்லை” என்றேன். அவர் முகத்தில் படர்ந்த இரக்கத்தை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை.

அவர் கேட்டது வேறு. உருது ‘ஷௌக்’ என்றால் விருப்பம், ஈடுபாடு. பழைய தில்லியில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி புறா வளர்ப்பார்கள், அது ஒரு ஷௌக். ஒருவருக்குப் பட்டம் விடுவதில், ஒருவருக்கு கஜல் கேட்பதில், ஒருவருக்கு நல்ல துணி உடுத்துவதில் ஷௌக். அதைக் கூசாமல் “எனக்கு ஷௌக்” என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார்கள். “ஷௌக் படீ சீஸ் ஹை”, ஷௌக் பெரிய விஷயம், என்று சொல்லிக்கொண்டே தவணையில் கார் வாங்குவார்கள். எதிலுமே ஆசையில்லாத மனிதன் ஒருவன் எதிர்வீட்டுக்கு வந்திருக்கிறான் என்ற செய்தி அன்று மாலையே தெருமுழுவதும் பரவிவிட்டது. மறுநாள் காலை அவர் என்னைக் கையைப் பிடித்துப் பூங்காவுக்கு அழைத்துப்போய் சிரிப்புச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். விடியற்காலையில் இருபது பேருடன் வட்டமாக நின்று, காரணமில்லாமல், கைகளைத் தூக்கி நான் சிரிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

நவாபுகள் காலத்தில் தர்பார் வழியாகவும் படைவழியாகவும் தெற்கே இறங்கிவந்த சொற்கள் பல. எல்லாவற்றையும் நம்மவர்கள் வாங்கிக்கொண்டு, அர்த்தத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். ‘தௌலத்’ என்றால் வடக்கே செல்வம். சென்னையில் ‘தௌலத்து’ என்றால் அந்தச் செல்வத்தைக் காட்டி ஆடுகிற ஆட்டம். ‘ஜபர்தஸ்து’ நமக்கு அடாவடி, இவர்களுக்குப் பிரமாதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு மேலதிகாரி “ஜபர்தஸ்த்!” என்றார். நான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து, அதிகாரத்தை மீறும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக்கொடுத்தேன். அதையும் படித்துவிட்டு அதற்கும் “ஜபர்தஸ்த்!” என்றார்.

‘ஜோர்’ இன்னும் மோசம். நமக்கு அழகு, இவர்களுக்கு பலம். பார்லரில் தலைக்கு மசாஜ் செய்யவந்த பெண்ணிடம் என் மனைவி “ஜோர் ஸே” என்று சொல்லியிருக்கிறாள், நேர்த்தியாகச் செய்யட்டும் என்று. அந்தப் பெண் வளர்ந்தது ஹரியானாவில். வீடு திரும்பிய மனைவி கொஞ்ச நாளைக்கு என்னைப் பார்ப்பதற்கு உடம்போடு சேர்ந்து திரும்பவேண்டியிருந்தது.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா என்ன? பகட்டு, பவிசு, ஜம்பம், மினுக்கு, டாம்பீகம், மேனாமினுக்கி. அத்தனையும் திட்டு! நன்றாக உடுத்தியவனைத் திட்டாமல் குறிப்பிட நம்மால் முடிந்ததில்லை. ‘மைனர்’ என்ற சொல்லைப் பாருங்கள். இங்கிலீஷ்காரன் சட்டத்தில் வயசு வராதவன் என்று அர்த்தம். ஜமீன் வாரிசு சின்னப் பையனாக இருந்தால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் சொத்தை நிர்வகிக்கும், பையன் செயினும் செண்டுமாகத் திரிவான். நாம் அந்தச் சட்டச் சொல்லை எடுத்து, அறுபது வயதில் சில்க் ஜிப்பா போட்டவனுக்கும் மாட்டிவிட்டோம். அவன் கழுத்தில் கிடந்ததற்கு மைனர் செயின் என்று பெயர்.

தமிழ் தினசரிகளின் ‘டிப்டாப் ஆசாமி’யும் இந்த வம்சம்தான். “மூதாட்டியிடம் நகை பறித்த டிப்டாப் ஆசாமிக்கு வலை” என்று வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். டிப்டாப் ஆசாமி ரத்ததானம் செய்தார், டிப்டாப் ஆசாமி குழந்தையைக் காப்பாற்றினார் என்று நான் படித்ததே இல்லை. சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே செருகியவன் குற்றவாளி என்பது நம் பத்திரிகைகளின் துணிபு. நான் திஹாருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வெளியிலேயே இருப்பதற்கு என் உடைதான் காரணம் என்று மனைவி சொல்வாள்.

எழுபதுகளின் பிற்பகுதி. கும்பகோணத்தில் கல்லூரி மாணவன் நான். தெருவெல்லாம் பெல்பாட்டம். முழங்கால் வரை ரத்த ஓட்டம் நிற்கும், அதற்குக் கீழே ஆளுக்கு ஒன்றரை கஜம் துணி வீதியைப் பெருக்கும். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவிடம் போய் ஒன்று தைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “உனக்கு ஷோக்கு ஒரு கேடா?” என்றார். அத்தோடு முடிந்தது. பிறகு ரஜினிகாந்த் வந்தார். அவர் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடித்ததும், ‘ஸ்டைல்’ என்ற சொல் தமிழில் முதன்முதலாகப் பாராட்டாக மாறியது. ஒரு பெரிய சமூக மாற்றம் என்றே சொல்வேன். வாத்தியார் வீட்டில் சிகரெட் ஏது? சாக்பீஸ்தான் உண்டு. கண்ணாடிமுன் நின்று அதைத் தூக்கிப்போட்டுப் பழகினேன். அகப்பட்டதெல்லாம் மூக்கில் அகப்பட்டது.

சரி, குர்த்தா விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரிக் கடைசியில் எதிர்வீட்டுப் பையனுக்குக் கல்யாணம். “இந்தத் தடவையாவது அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைப் போடாம வாங்க. எனக்குப் பக்கத்துல நிக்கவே வெக்கமா இருக்கு. ஷோக்கா ஒண்ணு தைச்சுக்குங்க” என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் கட்டளையாக வந்தது எனக்கே வியப்புதான். திலக் நகர் மார்க்கெட்டில் சர்தார்ஜி ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். கடையின் பெயர் நமக்கு எதற்கு? அங்கே போய், என் இந்தியில், “மாஸ்டர்ஜி, ஷோக் கே லியே குர்த்தா பைஜாமா சாஹியே” என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு நடந்த உரையாடலைத் தமிழிலேயே தருகிறேன்.

“என்றைக்கு?”

“வருகிற சனிக்கிழமை.”

“சொந்தமா?”

“எதிர்வீடு. ஆனால் சொந்தத்துக்கும் மேலே.”

“வயசானவரா?”

“இல்லை, பையன். இருபத்தாறுதான்.”

“வாஹே குரு! இத்தனை சீக்கிரமாவா?”

“நானும் அதைத்தான் சொன்னேன். முப்பது ஆகட்டுமே என்றேன். யார் கேட்கிறார்கள்?”

அவர் என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். “எப்படி ஆச்சு?”

“எல்லாம் மெட்ரோவில்தான். ராஜீவ் சௌக் போகிற வழியில்.”

“அப்பா, அம்மா?”

“முதலில் கொஞ்சம் அழுதார்கள். அப்புறம், போகட்டும், நமக்கும் ஒரு பாரம் இறங்கியது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.”

மாஸ்டர்ஜி பேசவில்லை. அளவு எடுக்கும்போது என் தோளை இரண்டுமுறை அழுத்தினார். முன்பணம் நீட்டினேன், கையைப் பிடித்து மடக்கிவிட்டார். தமிழர்களிடம் இவருக்கு இவ்வளவு பிரியமா என்று நெகிழ்ந்துபோய் வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை மாலை பொட்டலத்தைப் பிரித்தோம். தடித்த வெள்ளைப் பருத்தியில் குர்த்தா, வெள்ளைப் பைஜாமா. ஒரு பூ வேலை இல்லை, கழுத்தில் ஒரு நூல் கோடு இல்லை. மேலே மடித்துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று, இலவசம். மனைவி பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “யாருங்க போயிட்டா?”

மகள் தில்லியில் பிறந்து வளர்ந்தவள். நான் கடையில் சொன்னதைக் கேட்டுவாங்கி, தரையில் உட்கார்ந்து சிரித்து முடித்து, பிறகு பாடம் எடுத்தாள். தொண்டையின் அடியிலிருந்து க் வந்தால் ஷௌக், விருப்பம். காறுகிற மாதிரி ஹ் கலந்து வந்தால் ஷோக், துடுக்கு, பளிச்சென்ற நிறம். நாம் சொல்கிற சாதாரண க் வந்தால் ஷோக், அதாவது சோகம். ஷோக் சபா என்றால் இரங்கல் கூட்டம், அதற்கு வெள்ளை உடுத்திக்கொண்டு போவார்கள். மூன்றுக்கும் தமிழன் வாயில் இருப்பது ஒரே க். ஆசைக்கும் அழகுக்கும் சாவுக்கும் ஒன்றையே வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் காலம் தள்ளியிருக்கிறோம். தில்லிக்கு வந்தால்தான் தட்டுகிறது.

“பேசாம பட்டுவேட்டி கட்டிக்கிட்டு வாங்க” என்றாள் மனைவி. வேட்டிக்குச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது, எனக்குத் தெரியும். 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்து கிளப் ஒன்றில், வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. பெரிய கூச்சல் எழுந்து, அடுத்த மாதமே சட்டசபையில் அப்படித் தடுப்பதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் கிளப்காரர்களைத்தான் கட்டுப்படுத்தும். தில்லி ஜனவரியின் ஏழு டிகிரியை அது ஒன்றும் செய்யாது. வேட்டிக்குள் தெர்மல் போடலாம், நடக்கும்போது எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக் குர்த்தாவையே போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேலே குரங்குக் குல்லாய். அது மனைவியின் நிபந்தனை.

நஜஃப்கட் ரோட்டில் ஒரு பாங்க்வெட் ஹால். வாசலில் குல்லாயைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். “ஆயியே நேதாஜி!” தில்லியில் தூய வெள்ளைக் குர்த்தா பைஜாமா போடுகிறவர்கள் இரண்டு வகை. துக்கத்துக்கு வந்தவர், ஓட்டுக்கு வந்தவர். கல்யாண வீட்டில் முதல் வகைக்கு இடமில்லையாதலால் என்னை இரண்டாம் வகையில் சேர்த்துவிட்டார்கள். சோபாவில் உட்காரவைத்தார்கள். தந்தூரி கோபி என்னைத் தேடி வந்தது. ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்து, தன் சந்தில் சாக்கடை அடைத்து மாதக்கணக்கில் கிடக்கிறது என்றார். எனக்குப் பழக்கதோஷம், “தேக்தே ஹை” என்றேன். பார்க்கலாம் என்று அர்த்தம். உத்தியோக காலம் முழுவதும் நான் கோப்புகளில் எழுதியதும் அதுதான். அவர் முழுத் திருப்தியோடு என்னுடன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்.

சுற்றிலும் பார்த்தேன். பெண்கள் யார் மேலும் ஒரு சால்வை இல்லை. முதுகே இல்லாத ரவிக்கை, ஜரிகை லெஹங்கா, வாயில் புகை வருகிறது, ஒருத்தியாவது நடுங்கவேண்டுமே! எங்கள் தெரு டாக்டர் சொல்கிற ஜலதோஷ விதிகள் ஒன்றும் இவர்களிடம் செல்லவில்லை. ஷௌக் என்பது உள்ளே இருந்து சூடு தருகிற சமாசாரமாகத்தான் இருக்கவேண்டும். இரண்டு தெர்மலுக்குள் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “ஜபர்தஸ்த், அண்ணாஜி!” என்று கட்டிக்கொண்டார். இந்தத் தடவை நான் விளக்கம் ஒன்றும் எழுதிக்கொடுக்கவில்லை. அதற்குள் டி.ஜே. லுங்கி டான்ஸ் போட்டுவிட்டார். 2013இல் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ படத்தில் ரஜினிக்கு மரியாதை என்று அந்தப் பாட்டு வந்ததிலிருந்து, தில்லிக் கல்யாணம் எதிலும் தமிழன் தப்பித்ததில்லை. நான் பைஜாமாவில் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. யாரோ கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கையில் திணித்து, “ரஜினி ஸ்டைல்! ரஜினி ஸ்டைல்!” என்று கத்தினார்கள். சாக்பீஸ் காலத்துப் பயிற்சியை நம்பிச் சுழற்றினேன். கண்ணாடி போய் தால் மக்கனியில் விழுந்தது. நேதா சுழற்றியதென்பதால் அதற்கும் கைதட்டினார்கள்.

தையற்கூலி கொடுக்கப் போனபோது மாஸ்டர்ஜி, “எல்லாம் நல்லபடி முடிந்ததா?” என்றார். “சாப்பாடு பிரமாதம், விடிய விடிய நடனம்” என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். “முடிந்தது” என்று மட்டும் சொன்னேன். இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தில்லிக்குக் குடிவருகிற தமிழர்களுக்கு என் யோசனை: தையற்கடைக்குப் போனால் ஷோக்கு, ஜோர் என்று எதையும் வாயால் சொல்லவேண்டாம். கல்யாணப் பத்திரிகையைக் கையோடு கொண்டுபோய் மாஸ்டர் முன்னால் வைத்துவிடுங்கள். கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டார், ஆனால் கழுத்தில் பூ வேலை இருக்கும்.